எது நாட்டார் பாட்டு? பீட்டர்ஸ்பர்க் யூத இசைச் சங்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1908இல் ரஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் சில இளம் இசைக்காரர்கள் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் கிளம்பினார்கள். மனுவில் எழுதியிருந்த பெயர் ‘யூத இசைச் சங்கம்’. நகர நிர்வாகம் ஜெனரல் திராச்செவ்ஸ்கியின் கையில் இருந்தது. அவரைப் போய்ப் பார்த்தவர்களில் ஒருவரான சொலமன் ரொசொவ்ஸ்கி அந்தச் சந்திப்பைப் பிற்பாடு எழுதியிருக்கிறார். ஜெனரலுக்குப் பெயர் பிடிக்கவில்லை. யூத இசை என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்ன? வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த நியாயத்தையெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். நாட்டார் பாட்டு வேண்டுமானால் யூதர்களிடம் இருக்கலாம், அதனால் ‘யூத நாட்டார் இசைச் சங்கம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அனுமதி கிடைத்தால் போதும் என்று அவர்களும் திரும்பிவிட்டார்கள்.

‘நாட்டார்’ என்ற சொல் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். ஆனால் அந்த வட்டாரத்தில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் அந்தச் சொல்லைச் சுற்றியே நடந்தன. எது மக்கள் பாட்டு? யார் கட்டிய மெட்டு? எந்த மெட்டு ‘நம்முடையது’, எது பக்கத்து வீட்டில் வாங்கியது? ஒரு தேசத்துக்கு இசை தேடிப் போனவர்கள் இந்தக் கேள்விகளுக்கு மாற்றி மாற்றித் தீர்ப்புச் சொன்னார்கள். பாட்டு எந்தத் தீர்ப்பையும் மதித்ததாகத் தெரியவில்லை.

ஏன் பீட்டர்ஸ்பர்க்?

ஜார் ஆட்சியில் யூதர்கள் நினைத்த இடத்தில் குடியிருக்க முடியாது. மேற்கு எல்லை மாகாணங்களில் மட்டும்தான் பெரும்பான்மையோர் வசிக்கலாம். தலைநகரில் தங்குவதற்குத் தனி உரிமை வேண்டும், இசைக் கல்லூரி மாணவராக இருப்பது அதற்கு ஒரு வழி. பிடில் மேதை யாஷா ஹைஃபெட்ஸ் சிறுவனாக அங்கே சேர்ந்தபோது மகனுக்கு அனுமதி உண்டு, அப்பாவுக்கு இல்லை என்ற நிலை. என்ன செய்வது? நாற்பது வயது அப்பாவையும் தன் வகுப்பில் மாணவராகச் சேர்த்துக்கொண்டேன் என்று பேராசிரியர் லெயோபோல்ட் ஆவர் தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார்.

இப்படிச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர்களில் ரிம்ஸ்கி-கோர்சகோவும் ஒருவர். ரஷ்ய நாட்டுப் பாட்டிலிருந்து ரஷ்ய இசையைக் கட்டியெழுப்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். எஃப்ராயிம் ஷ்கிலியார் என்ற மாணவர் ஒரு யூதப் பாட்டை எழுதிக்கொண்டு வந்தபோது ரிம்ஸ்கி மகிழ்ந்துபோனாராம். உங்கள் பெட்டியிலேயே இவ்வளவு இருக்கும்போது எங்களைப் போல எழுத ஏன் மெனக்கெடுகிறீர்கள், யூத இசை தன் கிளிங்காவுக்காகக் காத்திருக்கிறது என்ற பொருளில் பேசியதாக மாணவர்கள் சொல்வார்கள். கிளிங்கா ரஷ்ய தேசிய இசைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்.

கவனித்தால் ஒன்று புரியும். யூத தேசிய இசை வேண்டும் என்ற எண்ணத்தின் அச்சு ரஷ்யாவில் வார்க்கப்பட்டது. கிராமத்துக்குப் போ, பாட்டைச் சேகரி, அதை மேடைக்கேற்ற இசையாக்கு, தேசம் தன் குரலைக் கேட்கட்டும் என்பதுதான் அந்தச் சூத்திரம்.

யோயல் எங்கல், வார்ஷவ்ஸ்கி, ஒரு பாட்டு

சங்கத்துக்கு முன்பே இந்தச் சூத்திரத்தைக் கையில் எடுத்தவர் மாஸ்கோ இசை விமர்சகர் யோயல் எங்கல். 1868இல் அசோவ் கடலோர பெர்தியான்ஸ்கில் பிறந்தவர். முதலில் சட்டம் படித்தார், அப்புறம் மாஸ்கோ இசைக் கல்லூரிக்குப் போனார். ஒரு சந்திப்பில் கலை விமர்சகர் ஸ்டாசவ், உன் இனத்தின் பெருமை எங்கே போயிற்று, யூலி என்று ரஷ்யப் பெயரை ஏன் மாட்டிக்கொண்டாய் என்று எங்கலைப் பிடித்து உலுக்கியதாகவும், வாழ்க்கை அன்றிலிருந்து திசை திரும்பியதாகவும் நண்பர்கள் சொல்வார்கள். இந்த மாதிரிக் கதைகள் பின்னாளில் மெருகேறுவது வழக்கம், பாதியாகவே எடுத்துக்கொள்ளலாம். 1898இல் எங்கல் யூதக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பாட்டுகளைக் காதால் கேட்டுச் சுரம் எழுதினார் என்பதும், 1900இல் மாஸ்கோவில் சொற்பொழிவோடு சேர்த்து அவற்றைப் பாட வைத்தார் என்பதும் உறுதி.

அந்த நேரத்தில் வெளிவந்த முக்கியமான தொகுப்பு கின்ஸ்பர்க், மாரெக் என்ற இருவர் 1901இல் வெளியிட்டது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய யிட்டிஷ் மொழியில் 376 பாடல்கள், எல்லாம் வரிகள் மட்டும். ஒரு மெட்டுகூட இல்லை. எங்கலுக்கு இதில் எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அதைவிடச் சுவையான விவகாரம் மார்க் வார்ஷவ்ஸ்கியுடையது. கீவ் நகர வக்கீல். நண்பர்கள் கூடும் இடத்தில் தானே பாட்டுக் கட்டி மெட்டுப் போட்டுப் பாடுவார். பெரிய எழுத்தாளர் ஷோலெம் அலெய்கெமுக்கு அது பிடித்துப்போய், முன்னுரை எழுதி ‘யூத நாட்டார் பாடல்கள்’ என்ற தலைப்பில் புத்தகமாகக் கொண்டுவர உதவினார். எங்கல் சீறிவிட்டார். எழுதிய ஆள் இதோ உயிரோடு உட்கார்ந்திருக்கிறார், இது எப்படி நாட்டார் பாட்டு? தலைமுறைகளின் வாயில் உருண்டு தேய்ந்தது அல்லவா நாட்டார் பாட்டு? ஷோலெம் அலெய்கெமின் வாதம் வேறு: மக்கள் மொழியில், மக்கள் வாழ்க்கையைப் பாடி, மக்கள் ஏற்றுக்கொண்டால் அது மக்கள் பாட்டு. 1901இல் பத்திரிகைகளில் இருவரும் மோதிக்கொண்டார்கள்.

வாதத்தில் எங்கல் பக்கம் தர்க்கம் கெட்டி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சண்டைக்குக் காரணமான புத்தகத்தை இன்று திறந்தால் ‘ஓய்ஃபன் ப்ரிப்பெச்சிக்’ இருக்கிறது. அடுப்பில் சின்ன நெருப்பு எரிகிறது, அறை கதகதப்பாக இருக்கிறது, வாத்தியார் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார் என்று தொடங்கும் பாட்டு. யிட்டிஷில் ஒரே ஒரு பாட்டுத் தெரிந்தவரைக் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் பாடுவார்.

மெழுகில் பதிந்தது

சங்கம் வேகமாக வளர்ந்தது. மாஸ்கோ, கீவ், கார்கோவ், ஒடெஸ்ஸா என்று கிளைகள் முளைத்தன. கச்சேரிகள், அச்சில் இசைப் பிரதிகள், பள்ளிக்கூடங்களுக்கான பாட்டுப் புத்தகம் என்று வேலை நடந்தது. அந்தப் புத்தகம் 1912இல் வந்தது. அதன் பின்னால் இருந்தவர் சுஸ்மன் கிசெல்கோஃப் என்ற பள்ளிக்கூட வாத்தியார். தொழில்முறை இசையமைப்பாளர் இல்லை. ஆனால் விடுமுறை கிடைத்தால் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேர்ப்பதில் அவரை மிஞ்ச அங்கே ஆள் குறைவு.

அதே 1912 ஜூலையில் எழுத்தாளர் ஆன்ஸ்கி தலைமையில் ஒரு குழு கீவ் மாகாணத்து ருஜின் என்ற சிற்றூரில் போய் இறங்கியது. கின்ஸ்பர்க் பிரபுக் குடும்பம் பணம் கொடுத்தது (பாடல் தொகுத்த கின்ஸ்பர்க் வேறு). முதல் பருவத்தில் இசைக்குப் பொறுப்பு எங்கல், அடுத்த பருவங்களில் கிசெல்கோஃப். படம் எடுக்க யூதோவின் என்ற இளைஞர். மூன்று கோடைகளில் வொலீனியா, பொடோலியா, கீவ் மாகாணங்களில் எழுபது ஊர்கள் வாக்கில் சுற்றினார்கள். இரண்டாயிரம் புகைப்படம், ஆயிரத்தைந்நூறு பாட்டு, ஐந்நூறு மெழுகு உருளை சேர்ந்தன. பிறப்பிலிருந்து சாவுக்கு அப்பால் வரை கேட்க 2,087 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலையும் ஆன்ஸ்கி தயாரித்தார். போர் வந்து எல்லாம் நின்றது.

அந்த உருளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் மெழுகுக் குழல். ஃபோனோகிராஃப் கருவியில் மாட்டிச் சாவி கொடுத்துச் சுழல விட வேண்டும். பாடுபவர் தகரக் குழாயின் வாய்க்குள் முகத்தைக் கொண்டுபோய்ச் சத்தமாகப் பாட வேண்டும். ஒலி அதிர்ந்து ஊசியை அசைக்க, ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். இரண்டு மூன்று நிமிஷத்தில் உருளை தீர்ந்துவிடும். கிழவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நிகுன் பாடினால் அரை மணி நேரம்கூடப் போகலாம். நிகுன் என்பது ஹசிடிக் என்ற யூத பக்தி இயக்கத்தார் பெரும்பாலும் வார்த்தையே இல்லாமல் பாடும் மெட்டு, நம் ஆலாபனைக்குக் கொஞ்சம் உறவு. உருளைக்குள் போனது அதில் ஒரு துண்டுதான். இன்னொரு சங்கடமும் உண்டு. திரும்பத் திரும்ப ஓட்டினால்தான் சுரம் எழுத முடியும், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி கோட்டைத் தேய்க்கும். கேட்பது என்றாலே கொஞ்சம் அழிப்பதுதான்.

கீரவாணியும் வகுளாபரணமும்

சேகரித்த பாட்டை மேடைக்குக் கொண்டுபோகும் இடத்தில்தான் நிஜமான இடைஞ்சல் வந்தது. நம் ஊர் இசை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பாட்டிலும் ஜெபத்திலும் அடிக்கடி வரும் ஒரு சுர வரிசையை ‘ஃப்ரைகிஷ்’ என்பார்கள், ஜெப ஆலய வழக்கில் ‘அஹவா ரப்பா’. சுரங்களை எழுதிப் பார்த்தால் ஸ ரி1 க3 ம1 ப த1 நி2, அதாவது நம் கர்நாடக இசையின் வகுளாபரணம் ராகம். இன்னொன்று ‘மி ஷெபேராக்’, அதன் சுரங்கள் ஹேமவதியுடையவை. கமகம், பிடி எல்லாம் வேறு, சுரக்கட்டுதான் ஒன்று. இரண்டுமே கீரவாணியிலிருந்து கிரகபேதத்தில் கிடைப்பவை: கீரவாணியின் பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்தால் வகுளாபரணம், மத்திமத்தை வைத்தால் ஹேமவதி.

ஐரோப்பிய இசைக் கல்லூரியில் படித்தவருக்குக் கீரவாணி நன்றாகத் தெரியும். அது அவர்களுடைய ஹார்மோனிக் மைனர். அதனால் ஃப்ரைகிஷ் மெட்டு ஒன்றைக் கேட்டால் அந்தக் காது அதைக் கீரவாணியாகவே எடுத்துக்கொள்ளப் பார்க்கும். பியானோவில் அப்படித் துணைச்சுரம் போட்டால் என்ன ஆகும்? பாடுபவர் வந்து இளைப்பாறும் ஸட்ஜம், பியானோவின் கணக்கில் பஞ்சமம் ஆகிவிடும். பாட்டு முடிந்துவிட்டது, துணைச்சுரம் மட்டும் இன்னும் வாசலில் நின்று எதற்கோ காத்திருக்கும். பஞ்சமத்தின் மேல் சுரக்கூட்டு வைத்து ஸட்ஜத்துக்கு வந்து முடிக்கும் வழக்கமான வழியும் இங்கே செல்லாது. வகுளாபரணத்தின் பஞ்சமத்தின் மேல் கூட்டுக் கட்டினால் ப நி2 ரி1 என்று ஒரு சப்பாணிக் கூட்டுத்தான் கிடைக்கும். ஆகவே மத்திமத்தின் வழியாகவோ நிஷாதத்தின் வழியாகவோ சுற்றிக்கொண்டு வந்து இறங்க வேண்டும். ‘தேசிய பாணி’ என்று பெரிய பெயரில் பேசப்பட்டதன் கணிசமான பகுதி இந்த மாதிரி நுணுக்கமான தச்சு வேலை.

தச்சு சரியாக அமைந்த இடமும் உண்டு. யோசெஃப் அக்ரோன் 1911இல் பிடிலுக்கு எழுதிய ‘எபிரேய மெல்லிசை’ அப்படி ஒன்று. சின்ன வயதில் வார்சா ஜெப ஆலயத்தில் கேட்ட மெட்டை வைத்து, இறந்துபோன அப்பாவின் நினைவுக்கு எழுதினார். ஹைஃபெட்ஸ் அதை உலகம் சுற்றி வாசித்தார். சங்கத்தின் வட்டாரத்திலிருந்து கிளம்பிய ‘ஜிம்ரோ’ குழு 1919இல் நியூயார்க் போனபோது, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த மெட்டுகளை ரஷ்ய இசையமைப்பாளர் புரகோஃபியெவிடம் கொடுத்து ஏதாவது எழுதித் தரச் சொன்னது. முதலில் தயங்கியவர், பிறகு கிளாரினெட், நான்கு தந்தி வாத்தியம், பியானோவுக்கு ‘எபிரேய மெட்டுகள் மேல் முன்னிசை’யை மளமளவென்று எழுதிக் கொடுத்தார். யூதர் அல்லாத ஒருவர் அவசரத்தில் செய்த இந்த வேலைதான் சங்கத்தைச் சுற்றி எழுந்த இசையில் இன்று அதிகம் மேடையேறும் ஒன்று.

1915: பாட்டா, வேதமா?

உள்சண்டை 1915இல் வெடித்தது. ‘ரஸ்ஸ்வெட்’ என்ற பத்திரிகையில் லாசர் சமின்ஸ்கி எழுத, எங்கல் பதில் எழுத, விவகாரம் சூடு பிடித்தது. சமின்ஸ்கி சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். வீட்டிலும் கல்யாணத்திலும் பாடும் யிட்டிஷ் பாட்டு பெரும்பாலும் இரவல் சரக்கு, உக்ரைனியர், போலந்துக்காரர், ஜெர்மானியர், கீழை நாட்டார் என்று அண்டை அயலிலிருந்து வந்து ஒட்டியது என்றார். கலப்பில்லாத யூத இசை வேண்டும் என்றால் ஜெப ஆலயத்தில் யூத வேதமான தோராவை வாசிக்கும் பழைய ஓதுமுறைக்குத்தான் போக வேண்டும். அந்த ரி1க்கும் க3க்கும் நடுவே வரும் பெரிய தாவல் இருக்கிறதே, கேட்டவுடன் ‘இது யூத இசை’ என்று உலகம் சொல்வது, அதுதான் அவருக்கு அந்நியக் கறையின் அடையாளம்.

எங்கல் வீட்டுப் பாட்டுக்காக நின்றார். வெளியிலிருந்து வந்ததையும் மக்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிவிடுகிறார்கள், மாறியபின் அது அவர்களுடையதுதான் என்பது அவர் பக்கம். வார்ஷவ்ஸ்கியை வாசலிலேயே நிறுத்திய அதே எங்கல்தான்! பதினான்கு வருஷத்தில் ஷோலெம் அலெய்கெமின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லலாம். அவரிடம் அதை நேரில் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

இது வெறும் இசை விவகாரம் இல்லை. தேசத்தின் மொழி யிட்டிஷா எபிரேயமா, வாழும் இடம் கிழக்கு ஐரோப்பாவா பாலஸ்தீனமா என்று அப்போது யூதச் சமூகம் இரண்டுபட்டுக் கிடந்தது. யிட்டிஷ் பாட்டு முக்கியம் என்றால் இங்கே இருக்கும் மக்கள் முக்கியம். ஓதுமுறைதான் மூலம் என்றால் பார்வை வேதகாலத்துக்குப் போய்விடுகிறது. சுரத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசி வரைபடத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

புரட்சிக்குப் பிறகு பீட்டர்ஸ்பர்க் சங்கம் சில வருஷத்தில் கரைந்துவிட்டது. மாஸ்கோவில் 1923இல் ‘யூத இசைச் சங்கம்’ என்று, ஜெனரல் ஒட்டவைத்த சொல் இல்லாமலேயே, ஒன்று தொடங்கி அந்தப் பத்தாண்டு முடியும்வரை தாக்குப்பிடித்தது. சமின்ஸ்கி நியூயார்க் போய் 1924இலிருந்து அங்குள்ள பெரிய ஜெப ஆலயமான எமானு-எலின் இசைப் பொறுப்பில் இருந்தார். அக்ரோனும் அமெரிக்கா. ரொசொவ்ஸ்கி பாலஸ்தீனம். எங்கல் பெர்லின் வழியாக டெல் அவீவ்.

உருளைகள் போன வழி

ஆன்ஸ்கி 1920இல் வார்சாவில் இறந்தார். அவர் சேகரித்தவை பல கைகளுக்குச் சிதறின. மெழுகு உருளைகள் கீவ் நகரில் மொய்செய் பெரெகோவ்ஸ்கி என்ற ஆய்வாளரிடம் வந்து சேர்ந்தன. பெரெகோவ்ஸ்கி சோவியத் காலத்து ஆள். பீட்டர்ஸ்பர்க் கூட்டத்தை முதலாளித்துவ தேசியவாதிகள் என்று 1930களில் எழுத்தில் சாடியவர். தொழிலாளர் பாட்டுக்கு முதலிடம் கொடுத்தவர். அவர் எழுதியதில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு கட்டாயம் என்று பிரிப்பது கஷ்டம். வேலையைப் பார்த்தால் வேறு ஆள் தெரிகிறார். தொழிலாளர் பாட்டோடு நிற்காமல் நிகுன், பூரிம் பண்டிகைக் கூத்து, கல்யாண வாத்தியக்காரர்களான க்ளெஸ்மர்களின் இசை என்று விடாமல் பதிந்தார். 1944இல் அவர் கொடுத்த ஆய்வேடு க்ளெஸ்மர் இசை பற்றியது.

சமின்ஸ்கியின் கேள்விக்கு உருப்படியான பதிலும் இவரிடமிருந்துதான் வந்தது. நாம் ஹேமவதி என்று அடையாளம் கண்ட சுர வரிசையை எடுத்துக்கொண்டு, உக்ரைனியப் பாடகர்களிடமும் மொல்தாவிய இசையிலும் யூதர்களிடமும் அது எங்கே எப்படி வருகிறது என்று அளந்து பார்த்தார். சுரங்கள் பொது. ஆனால் ஒவ்வொருவரும் அதை வேறு சந்தர்ப்பத்துக்கு, வேறு உணர்ச்சிக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார்.

1949இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்டது. யூதப் பண்பாட்டு அமைப்புகள்மேல் ‘தேசியவாதம்’ என்ற குற்றச்சாட்டு பாய்ந்த காலம். 1950இல் பெரெகோவ்ஸ்கி கைதானார், பத்து வருஷத் தண்டனை. மற்றவர்களைச் சுட்ட சொல் இப்போது இவர்மேல் வந்து விழுந்தது. 1955இல் சைபீரிய முகாமிலிருந்து வெளியே வந்தார், 1961இல் இறந்தார். உருளைகள் காணாமல் போய்விட்டன என்றே பலரும் நம்பினார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த காலத்தில்தான் அவை கீவ் வெர்னாட்ஸ்கி நூலகத்தில் பத்திரமாக இருப்பது தெரியவந்தது. பெரெகோவ்ஸ்கி பதிந்தவையும் சேர்த்து 1,017 உருளைகள். 2005இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் அந்தத் தொகுப்பைச் சேர்த்தது.

1970களில் அமெரிக்காவில் க்ளெஸ்மர் இசையை மீட்க இறங்கிய இளைஞர்கள் சங்கத்தின் பியானோப் பிரதிகளைத் தேடிப் போகவில்லை. தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த பழைய 78 வேக இசைத்தட்டுகளையும், பிறகு பெரெகோவ்ஸ்கி எழுதிவைத்த சுரங்களையும் எடுத்துக்கொண்டார்கள். தேசிய இசையாக உயர்த்தப்பட்டதை விட்டுவிட்டு, உயர்த்தாமல் விட்ட கல்யாண இசையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜெருசலேமில் நடந்தது

சமின்ஸ்கி காட்டிய திசையில், அவருக்கு முன்பே நடக்கத் தொடங்கியவர் ஆபிரகாம் இதெல்சோன். லாட்வியாவில் பிறந்து, ஜெப ஆலயப் பாடகராகப் பயின்று, ஜெருசலேமில் குடியேறியவர். ஏமன், பாபிலோன், பாரசீகம் என்று பல நாட்டு யூதர்கள் ஒரே ஊரில் இருப்பதைப் பார்த்து, அவர்களுடைய ஓதுமுறைகளைப் பதிந்து ஒப்பிட்டார். சிதறுவதற்கு முன்பிருந்த பொது மூலத்தைப் பிடித்துவிடலாம் என்பது எண்ணம். 1914இலிருந்து 1932 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. அசுர உழைப்பு.

ஆனால் உலகம் அவரை நினைவு வைத்திருப்பது வேறொன்றுக்கு. சதகுரா ஹசிடிக் கூட்டத்தார் பாடிய வார்த்தையில்லாத நிகுன் ஒன்றை 1915 வாக்கில் எழுதி வைத்திருந்தார். 1918இல் ஒரு கச்சேரிக்கு உற்சாகமான பாட்டு தேவைப்பட்டது. அந்த நிகுனை எடுத்து, எளிய எபிரேய வரிகள் சில போட்டார். ‘ஹவா நகிலா’ பிறந்தது. சுரங்களைப் பாருங்கள், அதே வகுளாபரணம், சமின்ஸ்கி கறை என்று ஒதுக்கிய அதே தாவல். கல்யாண வீடுகளில் வட்டமாக ஆடும்போது அதை வேதகாலத்துப் பாட்டு என்று நம்புகிறவர்கள் ஏராளம்.

எங்கல் டெல் அவீவில் இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல்தான் இருந்தார். சொல்லிக்கொடுத்தார், பாட வைத்தார், 1927 பிப்ரவரியில் இறந்தார். அந்த நகரம் தரும் இசைப் பரிசு அவர் பெயரில்தான் இருக்கிறது. கடைசிக் காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எபிரேயத்தில் நிறையப் பாட்டுப் போட்டார். அவர் மெட்டமைத்தவற்றில் ‘நூமி நூமி’ என்று ஒரு தாலாட்டு, வரிகள் யெகியேல் ஹால்பெரினுடையவை. தூங்கு கண்ணே, அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்று போகும் பாட்டு. இஸ்ரேலில் தொட்டில் ஆட்டும் அம்மாக்களில் பலருக்கு அது பாட்டி பாடிய பாட்டு. யார் போட்ட மெட்டு என்று யாரும் கேட்பதில்லை.